இருமல் ஜீப்பு

மருந்தாளுநர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த இரண்டு பேரும் காபியைக் குடித்து முடித்துவிட்டு, "அண்ணே, சிரிக்கிற மாதிரி எழுதிக் குடுங்க. மத்தவங்க எல்லாம் அரசாணை நம்பர் போட்டு எழுதிக் குடுத்திருக்காங்க" என்றார்கள். என்மேல் அவர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. இரங்கல் தீர்மானம் வாசிக்கும்போது பின் வரிசையைச் சிரிக்க வைத்ததற்காகக் கூட்டத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்டவன் நான். சரி என்று எழுத உட்கார்ந்தேன். பாதிவரை சிரிப்பு வந்தது. மீதியை அச்சடிப்பதும் விடுவதும் அவர்கள் பாடு.

இப்போதெல்லாம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடிப் போகிறது. பையை மாட்டிக்கொண்டு ஒரு பெண் வாசலில் நின்று, மாத்திரையைக் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறாள். நல்ல ஏற்பாடு. மலைப்பாதையில் குழந்தையைச் சுமந்துகொண்டு நடந்து வந்தவர்களைப் பார்த்த எனக்கு இதைக் குறை சொல்ல வாய் வராது. ஆனால் கொடுத்த மாத்திரை வயிற்றுக்குள் போனதா என்பது கையெழுத்தில் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மனிதனின் உயிர் தேவைப்பட்டது.

நான் படித்த கதை பெரிய கதை இல்லை. டிப்ளமோ. எல்லாப் பாடத்திலும் கரையேறினேன். நீந்தினேன் என்று சொல்ல மாட்டேன். வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் எனாலாப்ரில் வகை மாத்திரைகளின் முக்கியமான பக்கவிளைவு என்ன என்று கேட்டார். அப்போது அது புது வகை. எனக்குப் பதில் தெரியும். தெரிந்த பதிலைச் சும்மா சொல்வானேன் என்று, வாயைப் பொத்திக்கொண்டு நாலு முறை வறட்டு இருமல் இருமிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். அடுத்த கேள்வி கேட்காமலே அனுப்பிவிட்டார். ஊருக்குப் போய் அதை ஒரு மாதம் நடித்துக் காட்டினேன்.

பிறகு பல ஊர் சுற்றி, கடைசிப் பன்னிரண்டு வருஷம் ஜவ்வாது மலையில் வேலை. திருப்பத்தூரிலிருந்து ஏறி, புதூர்நாட்டையும் தாண்டிப் போனால் ஒரு சின்ன சுகாதார நிலையம். ஊர்ப் பெயர் வேண்டாம்; தப்பு என்னுடையது, ஊருடையது அல்ல. அங்கே என்னை மாத்திர சார் என்பார்கள். என் அரசாங்கம் ஒரு ஜன்னல். அதற்கு உள்ளே நான், வெளியே மலை.

படிக்கத் தெரியாதவர்களுக்காக மாத்திரைக் கவரின் மேல் படம் போட்டுக் கொடுப்பேன். காலைக்குச் சூரியன், ராத்திரிக்குப் பிறை. எனக்கு ஓவியம் வராது. சூரியனுக்கு வட்டம் போட்டு, சுற்றிலும் கதிர்களைக் குத்திக் குத்தி வைப்பேன். ஒரு பாட்டியம்மா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், பலாப்பழத்தோட சேத்துத் துண்ணணுமா?" என்றது. அன்றிலிருந்து மலை முழுக்க என் சூரியனுக்குப் பலாப்பழம் என்றே பெயர். காலைக்கு ஒரு பலாப்பழம், ராத்திரிக்கு ஒரு அருவா. எப்படியோ சரியான வேளைக்குப் போட்டார்கள், அது போதும்.

எங்கள் டாக்டர் கோமதி வயதில் எனக்கு மகள் மாதிரி, பதவியில் மேலதிகாரி. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவர் நோயாளியைப் பார்க்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் பையைக் கொட்டச் சொல்வார். மாத்திரை, வெற்றிலை, பஸ் டிக்கெட்டு, எல்லாம் மேசைமேல். மிச்சமிருக்கும் மாத்திரைகளை விரலால் தள்ளித் தள்ளி எண்ணுவார். பிறகு குனிந்து, கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டை விரலை வைத்து அழுத்தி, மனசுக்குள் பத்து எண்ணுவார். விரலை எடுத்ததும் குழி விழுகிறதா, எவ்வளவு நேரத்தில் மேலே வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். வெளியே முப்பது பேர் நின்றாலும் அந்தக் குழி மூடும்வரை நிமிர மாட்டார்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு வார்த்தை: "அப்புறம்?"

நோயாளி, ஒண்ணுமில்லம்மா என்பார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு மறுபடியும் அதையே கேட்பார். முதல் தடவைக்கு முட்டிவலி வெளியே வரும். இரண்டாவதற்குப் பசியில்லாதது. மூன்றாவதற்குத்தான், வந்த விஷயமே வரும். இப்படி எல்லாரையும் மூன்று தடவை கேட்டால் கடைசி பஸ் போய்விடும் என்று நான் ஒருநாள் கிண்டல் செய்தேன். "முனிரத்தினம் ஜீப்பு இருக்குதில்ல சார்" என்றார்.

முனிரத்தினம் ஜீப்பு இருந்தது. அடிவாரத்து ஊர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு இருபது வருஷமாக மலைக்கும் திருப்பத்தூருக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் என்னை ஏற்றிக்கொண்டு போவதும், சாயங்காலம் இறக்கிவிடுவதும், மாதம் ஒருமுறை எங்கள் மருந்துப் பெட்டிகளைக் கொண்டு வருவதும் அவர்தான். முன் சீட்டில் இடது பக்கம் எனக்கு. அந்தச் சீட்டைத் தூக்கினால் உள்ளே ஸ்பானர், கந்தல் துணி, கயிறு எல்லாம் போட்டுவைக்கும் பெட்டி. அதன்மேல் ஒரு ரெக்ஸின் மெத்தை, அதன்மேல் நான், என் வாய்.

ஒரு ஆடி மாதம் அவருக்கு மாரடைப்பு வந்தது. வேலூருக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். இதயத்தில் ஒரு பகுதி பலம் இழந்துவிட்டது என்று எழுதி, மூன்று வகை மாத்திரையோடு அனுப்பினார்கள். அதில் சின்னதாக இருந்தது எனாலாப்ரில். உறவுக்காரர்கள் ஸ்டியரிங்கை விடச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. அந்த ஜீப்பு ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். அதைவிட, ஜீப்பை விட்டு இறங்கினால் தான் யார் என்றே அவருக்குத் தெரியாது என்று எனக்குத் தோன்றும். மூட்டை தூக்காதே, மாத்திரையை விடாதே, ஓட்டிக்கொள் என்று டாக்டர் அனுமதி கொடுத்தார். சின்ன மாத்திரை எதற்கு என்று அவர் கேட்டபோது டாக்டர் சொன்ன விளக்கம் எனக்கு மறக்கவில்லை. "உன் ஜீப்புல பதினஞ்சு பேர ஏத்திக்கினு மேல ஏறுனா இஞ்சின் எப்படி முக்குது? இந்த மாத்திர பாதிப் பேர எறக்கி வுட்டுடும். இஞ்சின் பழசுதான். லோடு கொறஞ்சா ஏறிடும்."

முனிரத்தினத்துக்கு அது பிடித்துப்போயிற்று. மாத்திரைக்கு 'லோடு மாத்திர' என்று பெயர் வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து இருமல் ஆரம்பித்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டையில் ஏதோ மயிர் சிக்கிக்கொண்ட மாதிரி கொக்கு கொக்கு என்று ஓயாத இருமல். நான் ஜன்னல் வழியாக இருமல் மருந்து கொடுத்தேன். நிற்கவில்லை. காசநோயா என்று பார்க்க, எப்படியாவது துளி சளி வரவழைத்துக் கொடுக்கச் சொன்னேன். இரண்டு தடவையும் ஒன்றுமில்லை என்று வந்தது. ஜீப்பின் ஹார்ன் அந்தச் சமயம் கம்மிப் போயிருந்தது. ஒருநாள் காலை, கொண்டை ஊசி வளைவு ஒன்றில் அவர் ஹார்னை அழுத்த, அது கிசுகிசுக்க, கூடவே அவருக்கு இருமல் வர, எதிரே வந்த வண்டி தானாக ஒதுங்கி நின்றது. எனக்கு வாய் நிற்குமா?

"ஹார்ன் எதுக்குப்பா உனக்கு? நீ இருமுனா லாரியே வழி வுடுது. இனிமே இதுக்கு இருமல் ஜீப்புன்னு பேரு" என்றேன்.

வண்டியே குலுங்கியது. முனிரத்தினமும் சிரித்தார், சிரித்ததில் இன்னும் இருமினார். என் தொழில் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே அதிகம் பேரைப் போய்ச் சேர்ந்த நகைச்சுவை அதுதான். ஒரு வாரத்தில் மலை முழுக்கப் பேர் பரவிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் "இருமல் ஜீப்பு வர்துடா" என்று கத்தின. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பக்கத்தில் ஓயாமல் இருமுகிறவன் என்றால் ஒரே அர்த்தம்தான், காசநோய்க்காரன். பரிசோதனை முடிவை யாரும் நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிவதில்லை. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கைக்குழந்தைக்காரிகள் அடுத்த ஜீப்புக்குக் காத்து நின்றார்கள். பிறகு மற்றவர்களும். புளி சீசனில் நிற்க இடமில்லாமல் போகும் வண்டியில் பின் பெஞ்சு காலியாகக் கிடந்தது. எனக்கு இன்னும் வசதியாயிற்று, முன் சீட்டில் நெருக்க ஆளில்லாமல் காலை நீட்டிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் டாக்டரை வாரத்தில் பாதி நாள் வேறு நிலையத்துக்கு அனுப்பியிருந்தார்கள். மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர்கள் டாக்டரைப் பார்க்காமலே நேராக என் ஜன்னலுக்கு வந்தார்கள். அட்டையை நீட்டுவார்கள், நான் முத்திரை போட்டுக் கொடுப்பேன். முனிரத்தினமும் அப்படித்தான் ஒருநாள் வரிசையில் வந்து நின்றார். தன் முறை வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"சார், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே. மவ வூட்டுக்குப் போய்ட்டு ரெண்டு வாரம் இருந்தேன். பெருசுங்க ரெண்டும் கையில இருந்திச்சு. சின்ன மாத்திர மட்டும் மறந்து வுட்டுட்டுப் போய்ட்டேன். இருமலு கொறஞ்சிடுச்சு சார். திரும்பி வந்து போட்டேன், மறுபடி புடிச்சிக்கிச்சு. இது அந்த லோடு மாத்திர வேலையா சார்?"

எவ்வளவு சுத்தமான கேள்வி. ஒரு ஆராய்ச்சியாளர்கூட இதைவிட ஒழுங்காகச் சோதித்துப் பார்த்திருக்க முடியாது.

"மாத்திரைக்கு வாயா இருக்கு இருமுறதுக்கு? போய்ப் போடுப்பா" என்றேன், வரிசைக்குக் கேட்கும்படியாக. வரிசை சிரித்தது. அவர் கவரை வாங்கிக்கொண்டு போனார்.

எனக்குத் தெரிந்த விஷயம் அது. நம் ரத்தத்தில் ஒரு நொதி இருக்கிறது. ரத்தக் குழாய்களை இறுக்கும் பொருளை உண்டாக்குவது அதன் வேலை. வனத்துறைச் செக்போஸ்டில் நிற்கும் காவலரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டை இழுத்து மூடும் கயிறு அவர் கையில். எனாலாப்ரில் அவர் கையைப் பிடித்துக்கொள்ளும். கேட் அகலத் திறக்கும். குழாய்கள் தளர, அடிபட்ட இதயம் முக்காமல் ரத்தத்தைத் தள்ளும். தனக்கு வேண்டிய ரத்தமும் அதற்குத் தடங்கலில்லாமல் கிடைக்கும். ஆனால் அந்தக் காவலருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ரோட்டில் விழும் கிளைகளை எடுத்துப் போடுகிறவரும் அவரே. கை கட்டுண்டால் அந்த வேலையும் நின்றுபோகும். அவர் அழித்துக்கொண்டிருந்த வேறொரு பொருள் மூச்சுக்குழாய்ப் பக்கம் சேரும். எல்லாருக்கும் இல்லை, சிலருக்கு, அதுதான் வறட்டு இருமல். அப்படிப்பட்டவர்களுக்கு மாற்று மாத்திரை உண்டு. அது நொதியைத் தொடாமல் வேறு வழியில் குழாயைத் தளர்த்தும். இருமல் பெரும்பாலும் வராது. அந்த மாத்திரை என் முதுகுக்குப் பின்னால், இரண்டாவது தட்டில், பெட்டி பெட்டியாக இருந்தது. டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாற்றி எழுதியிருப்பார். தேர்வாளர் முன்னால் இருமிக் காட்டித் தேறியவனுக்கு, நிஜமாக ஒருத்தன் வந்து இருமியபோது பதில் ஞாபகம் வரவில்லை.

அடுத்த இரண்டு மாதத்தில் முனிரத்தினத்தின் இருமல் மறைந்துவிட்டது. என் இருமல் மருந்து கடைசியில் வேலை செய்துவிட்டது என்று ஜீப்பில் நான் மார்தட்டிக்கொண்டேன். பின் பெஞ்சில் மறுபடியும் ஆட்கள் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் வந்தார்கள். மாதாமாதம் மாத்திரை வாங்கவும் அவர் தவறவில்லை. அவர் ஷூவை விட்டுவிட்டு ரப்பர் செருப்புக்கு மாறியதைப் பார்த்தேன். கால் வீங்கியிருந்தது. "இன்னாப்பா, இந்த வயசுல காலு வளருது" என்றேன். டாக்டரின் கட்டை விரல் அங்கே இருந்திருந்தால் அந்தக் குழி மூட எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ. என்னிடம் இருந்தது வாய் மட்டும்தான்.

பிறகு ஒருநாள் காலை, ஜீப்பின் பின்னால் எங்கள் மருந்துப் பெட்டிகள், ஏழெட்டுப் பேர். பாதி மலை ஏறியிருப்போம். முனிரத்தினத்தின் சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது. மூச்சு தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலச் சளசளத்தது. நான் அவரைப் பார்த்துத் திரும்புவதற்குள் அவர் வண்டியை மலைச்சுவர் ஓரமாக ஒதுக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இஞ்சினை நிறுத்திவிட்டார்.

"எல்லாரும் எறங்குங்க. சார், சக்கரத்துக்குக் கல்லு வைங்க."

இறங்கிக் கல் வைத்தேன். வைத்துவிட்டு வந்து பார்த்தபோது ஸ்டியரிங்கின்மேல் நெற்றியைச் சாய்த்திருந்தார்.

இறங்கி வந்த ஒரு லாரியில் அவரைக் கீழே கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று கேட்டார். நான் முன்னால் வந்து, "போட்டார் சார். மாசாமாசம் என் கையாலதான் குடுத்தேன்" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். அந்தப் பதிலால் எதுவும் மாறியிருக்காது என்று பிறகு டாக்டர் கோமதி சொன்னார். இருக்கலாம். ஆனால் அவ்வளவு நிச்சயமான குரலில் நான் வேறெதையும் சொன்னதாக ஞாபகம் இல்லை. மூன்றாம் நாள் காலையில் முனிரத்தினம் போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு அவருடைய மனைவி அலமேலு மலை ஏறி வந்தார். மடியில் கட்டியிருந்ததை அவிழ்த்து ஜன்னல் பலகையில் வைத்தார். நாலு கவர். நாலிலும் பலாப்பழம் போட்டிருந்தது. உள்ளே ஒரு மாத்திரைகூடப் பிரிக்காத அட்டைகள். நாலிலும் அந்தச் சின்ன மாத்திரை மட்டும்தான்.

"ஜீப்ப சுத்தம் பண்றப்ப கெடச்சுது சார். நீங்க குந்துற சீட்டுக்குக் கீழ, பொட்டியில கந்தத் துணியில சுத்தி வச்சிருந்தாரு. தேதி இன்னும் போவல. யாருக்குனா ஆவும்னு எடுத்தாந்தேன்."

மலைக்குப் போகும்போதும் வரும்போதும், நாலு மாதம், நான் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு டாக்டர் நிலையத்தில் இருந்தார். கூட்டம் போன பிறகு கவர்களை அவர் மேசையில் வைத்தேன். அவர் அட்டைகளை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். பிறகு என்னைப் பார்த்து, "அப்புறம்?" என்றார்.

முனிரத்தினம் நாலு மாதமாகப் போடாமல் வைத்திருந்தது என்றேன். பேனாவை மூடி வைத்தார். மறுபடியும் கேட்டார். முனிரத்தினம் ஜன்னலில் என்னைக் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். டாக்டர் மூன்றாவது தடவையாகவும் கேட்டார். இருமல் ஜீப்பு என்று பேர் வைத்தது நான்தான் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, அதைச் சொல்லத்தான் அந்த அறைக்குள் வந்திருக்கிறேன் என்று.

டாக்டர் திட்டவில்லை. எழுந்து என் அறைக்குப் போனார். இரண்டாவது தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, என் கைக்கு எட்டும்படி ஜன்னல் பலகை ஓரமாக வைத்துவிட்டுத் தன் அறைக்குத் திரும்பிப் போனார். நான் ஓய்வு பெறும்வரை அந்த மாத்திரையின் இடம் அதுதான்.

அதற்குப் பிறகு சின்ன மாத்திரை வாங்குகிற ஒவ்வொருவரிடமும் இருமல் இருக்கிறதா என்று கேட்டேன். முதலில் இல்லை என்பார்கள். காத்திருப்பேன். சிலரிடம் இருந்தது, மறைத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரிடம் அனுப்பினேன். மாற்றிக் கொடுத்ததும் நின்றது. கடைசி பஸ்ஸைப் பல நாள் விட்டேன். மலையில் என் பேர் மாறிப்போயிற்று. மாத்திர சார் போய், இருமல் சார் ஆனேன். பேர் வைத்தவன் யாரோ, அவன் வாய் வாழ்க.

ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது அலமேலு ஒரு சீட்டோடு வந்தார். மகளோடு புதூர்நாட்டுப் பக்கம் குடி வந்திருந்தார். ரத்த அழுத்தம் என்று கீழே யாரோ ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தது அதே சின்ன மாத்திரை. சீட்டைப் பிடித்தபடி நின்றேன். இத்தனை நாள் அவரிடம் சொல்லாமல் இருந்ததை அன்று சொன்னேன். முனிரத்தினம் ஏன் மாத்திரையை விட்டார் என்பதையும், அதில் என் பங்கு என்ன என்பதையும்.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். "தெரியும் சார்" என்றார். "வூட்டுல வந்து அவருதான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு, மாத்திர சாரு இன்னா பேரு வச்சிருக்காரு பாருன்னு. அப்பறம் சாப்டாம படுத்துக்குவாரு."

சீட்டை டாக்டர் கோமதியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எல்லாருக்கும் இருமல் வருவதில்லை, போட்டுப் பார்க்கலாம், ஒரு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள் என்றார். கவரில் பலாப்பழம் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து வந்தார். பின்னால் நீள வரிசை.

"இருமல் இருக்காம்மா?"

"இல்ல சார்."

நான் அட்டையில் முத்திரை போடாமல் காத்திருந்தேன். அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் சிரிக்கப் போகிறேனா என்று பார்க்கிறார் என்பது தெரிந்தது.

"இருக்குது சார்" என்றார். "பத்து நாளா."